மத்தியானத்தில் தொட்டுப் பாருங்கள்

அஞ்சலை, உன் பெயரைச் சொல்லித்தான் இதை ஆரம்பிக்க வேண்டும். வேறு எப்படி ஆரம்பித்தாலும் பாதியில் உன்னிடம்தான் வந்து நிற்கிறேன். அடியே அஞ்சலை, நீ இருந்திருந்தால் இந்தப் பிள்ளைகளுக்கு நீயே சொல்லியிருப்பாய். நாலு பேர் மாதிரி பேசிக் காட்டி, சிரிக்க வைத்துச் சொல்லியிருப்பாய். எனக்கு அந்த வாய் கிடையாது. இருந்தாலும் சொல்கிறேன்.

தங்கச்சிகளா, நாளையிலிருந்து ஆயாக் கொட்டகையில் என்னோடு நிற்கப் போகிறீர்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிற அம்மாக்கள் இருட்டோடு பிள்ளைகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தூளி கட்டுவது, கஞ்சி காய்ச்சுவது, அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே இன்னொன்றுக்குக் கால் கழுவிவிடுவது, இதெல்லாம் ஒரு வாரத்தில் கை தானே பழகிவிடும். அதை நான் சொல்லப் போவதில்லை. நான் படித்தவளும் இல்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கிற வரைக்கும் போனேன், அப்புறம் புல்லு வெட்டப் போய்விட்டேன். உங்களைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு விஷயம் பிள்ளை பார்க்கிற யாருக்கும் தெரியாமல் இருக்கக் கூடாது. என் வீட்டைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

என் அப்பா முத்தன் இந்தத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். உங்கள் அம்மாக்களைக் கேட்டால் சொல்வார்கள், இல்லாவிட்டால் சொல்லாமல் வேறு பக்கம் பார்ப்பார்கள். விடிவதற்கு முன்னால் தப்பு அடிக்கும். எல்லோரும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். கணக்கெழுதுகிற கிராணி பெயர் கூப்பிடுவார். தன் ஆட்களில் எத்தனை பேர் வேலைக்கு இறங்குகிறார்களோ அத்தனை தலைக்குக் கங்காணிக்குத் தனியாகக் காசு. அதனால் யாராவது வரவில்லை என்றால் அப்பா லயத்து வரிசையில் அந்த ஆள் வீட்டுக்கே போவார். படுத்திருக்கிறவரின் தாடைக்குக் கீழே, கழுத்தில், புறங்கையை வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். சுட்டால், "படு" என்பார். சுடாவிட்டால் போர்வையை இழுத்துவிடுவார்.

"மண்பானை மாதிரி ஜில்லுன்னு இருக்கு. எந்திரி."

"நேத்து சாயங்காலம் பூரா குளிர்ல உதறுச்சு கங்காணியாரே."

"நேத்து உதறுனது நேத்தோட போச்சுலா. இப்ப எந்திரி."

பொய் சொல்லிப் படுத்துக்கொண்டவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். கள்ளுக் குடித்த மறுநாள் பாதி லயத்துக்குக் காய்ச்சல் வரும். அதனால் அப்பாவுக்குத் தன் கைமேல் அப்படி ஒரு நம்பிக்கை. ஒருமுறை துரை மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "முத்தன் கை தப்பாது" என்று கிராணியிடம் சொன்னாராம். அன்றைக்கு அப்பா சோறு சாப்பிடும்போது அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே தலையாட்டினாள். அந்தக் கை சம்பாதித்த சோறுதான் நாங்கள் தின்றது.

அந்தப் பெரட்டு களத்தோடு நிற்கவில்லை. வீட்டுக்குள்ளும் வந்தது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அப்பா சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் விளையாட்டாகப் பெயர் கூப்பிடுவார்.

"முத்தன் மக பச்சையம்மா!"

"இருக்கேன்!" என்பேன் நான்.

"முத்தன் மக அஞ்சலை!"

"இருக்கேன் அய்யா!"

அஞ்சலை எழுந்து நின்று விறைப்பாகச் சொல்வாள். எல்லோரும் சிரிப்போம். வளர வளர அது விளையாட்டாக இல்லை. எங்கள் வீட்டில் "முடியல" என்ற பேச்சே கிடையாது. அம்மாவுக்குப் பல் வீங்கி முகம் ஒரு பக்கம் உப்பியிருந்தபோது, அப்பா வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் அந்தப் பக்கத்தைச் சுவருக்குக் காட்டியபடியே வேலை செய்தாள். நான் பெரிய மனுஷியான பிறகு மாதா மாதம் வலியோடு புல்லு வெட்டப் போவேன், பல்லைக் கடித்துக்கொண்டு. அப்பா அடிப்பார் என்று நினைக்காதீர்கள். ஒருநாளும் எங்கள்மேல் கை வைத்ததில்லை. பார்ப்பார், அவ்வளவுதான். களத்தில் வராத ஆளைப் பார்க்கிற அதே பார்வை.

வெளியிலும் எங்களுக்கு யாரும் கிடையாது. தண்ணீர்க் குழாயடிக்கு நாங்கள் போனால் பேச்சு நின்றுவிடும். "கங்காணி வூட்டுக் காது வந்திருச்சுடி" என்பார்கள், எங்களுக்குக் கேட்கிற மாதிரியே.

அஞ்சலை அதை எப்படி மாற்றினாள் தெரியுமா? லயத்துப் பிள்ளைகள் மத்தியானத்துக்கு மேல் கங்காணி விளையாட்டு விளையாடுவார்கள். ஒருத்தர் காய்ச்சல்காரர் மாதிரி படுத்துக்கொள்ள வேண்டும். கங்காணி வந்து கழுத்தைத் தொட்டு எழுப்ப வேண்டும். எங்களைக் கண்டால் விளையாட்டை நிறுத்திவிடுவார்கள். ஒருநாள் அஞ்சலை நேராக நடுவில் போய் நின்று, துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டாள். "யாருடா அவன் படுத்திருக்கிறது? மண்பானை மாதிரி ஜில்லுன்னு இருக்கு!" அப்பாவின் குரல் அப்படியே. அப்பா கண்ணை மூடுகிற விதம்கூட. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த காத்தாயி அக்காவும் முறத்தை வைத்துவிட்டுச் சிரித்தாள். அன்றைக்கு முதல் அவள்தான் கங்காணி. வேறு யார் செய்தாலும் பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒரு தரம் அப்பா பின்னால் வந்து நின்றுவிட்டார். எல்லோருக்கும் சிரிப்பு அடங்கிப்போயிற்று. அஞ்சலை துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா அவளைப் பார்த்தார், கீழே படுத்திருந்த பிள்ளையைப் பார்த்தார்.

"உள்ளங்கைய வெக்கக் கூடாது. புறங்கை. உள்ளங்கை காப்புக் காச்சிருக்கும், சூடு தெரியாது" என்றார். குனிந்து செய்து காட்டிவிட்டுப் போனார்.

அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மழைக்காலம் முடிந்த சமயம் அஞ்சலைக்குக் குளிர் வந்தது. அவள் என்னோடு புல்லு வெட்டுகிற கூட்டத்தில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் பல் அடித்துக்கொள்ளும். அம்மா இருக்கிற சாக்கையெல்லாம் எடுத்து மேலே போடுவாள். பிறகு உடம்பு அடுப்பு மாதிரி கொதிக்கும். பிறகு வேர்த்துக் கொட்டும். பொழுது சாய்ந்து அப்பா வீட்டுக்கு வரும்போது சூடு இறங்கி, அவள் அசந்து தூங்கிக்கொண்டிருப்பாள். மறுநாள் ஒன்றும் இருக்காது. அதற்கு மறுநாள் திரும்பவும் அதே நேரம், அதே குளிர்.

அவள் முதல்முறை வாய்விட்டுச் சொன்னது ஒரு விடியற்காலையில்.

"அப்பா, எனக்கு முடியல."

அப்பா குனிந்து புறங்கையை வைத்தார். கண்ணை மூடினார்.

"ஒண்ணும் இல்லையே."

"வேல முடிஞ்சு வந்ததும் வருதுங்க" என்றாள் அம்மா. "மத்தியானத்துக்கு மேல ஒருக்கா வந்து தொட்டுப் பாருங்களேன்."

"மத்தியானம் நான் மலைக்காட்டுல நிப்பனா, வூட்டுக்கு வந்து இவ கழுத்தத் தொட்டுக்கிட்டு இருப்பனா?" துண்டை எடுத்துத் தலையில் சுற்றினார். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கங்காணி மக பேரு சுகமில்லாதவங்களோட போனா, நாளைக்கு லயத்துல எவன் எந்திரிப்பான்? சொல்லு."

அப்போதெல்லாம் சுகமில்லை என்று களத்தில் பெயர் போனால்தான் குளிர்காய்ச்சலுக்கான கொயினாத் தண்ணி தருவார்கள், மருந்து கொடுக்கிற டிரசரும் வந்து பார்ப்பார். பெயரைச் சொல்ல வேண்டியது கங்காணி. அஞ்சலை பெயர் போகவில்லை.

காத்தாயி அக்கா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவளுக்கு எல்லாம் கேட்கும். அவளையே எத்தனை காலையில் அப்பா எழுப்பியிருக்கிறார்! அவள் என்னைப் பின்வாசலில் பிடித்துச் சொன்னாள்.

"ஒங்கப்பாரு கைக்குக் காலையில மட்டுந்தான் கண்ணுடி, பச்சை. இந்தக் காச்ச காலையில ஒளிஞ்சுக்கும். நாங்க சொல்லிச் சொல்லிப் பார்த்தாச்சு. நீங்களாச்சும் சொல்லுங்கலா."

அம்மா சொன்னாள். நானும் சொன்னேன். அஞ்சலை மட்டும் அதற்கப்புறம் சொல்லவில்லை. கடைசியாக வேலைக்குப் போன காலையில் அப்பா தொட்டுப் பார்க்க வருவதற்கு முன்னாலேயே எழுந்துகொண்டாள். உதடு வெளுத்திருந்தது. தன் கழுத்தில் தானே புறங்கையை வைத்துக் கண்ணை மூடினாள்.

"மண்பானை மாதிரி ஜில்லுன்னு இருக்கு. போடி வேலைக்கு" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

நான் சிரித்தேன் தங்கச்சிகளா. அவள் சிரிக்க வைத்தால் யாருக்குத்தான் அடக்க முடியும்?

வெயில் உச்சிக்கு வந்த நேரம், புல்லு வெட்டுகிற கத்தி கையிலிருந்து நழுவி அவள் அப்படியே முன்னால் விழுந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. நான் கத்தினேன். பக்கத்து மர நிரையில் பால் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். காத்தாயி அக்கா அவள் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். யாரோ இரண்டு கம்பில் சாக்கைக் கோத்தார்கள். அப்பா மேட்டிலிருந்து ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே கிடையாது. மண்டியிட்டு, பழக்கத்தில், புறங்கையை அவள் தாடைக்குக் கீழே வைத்தார்.

வைத்த வேகத்தில் கையை இழுத்துக்கொண்டார். அந்தக் கையையே பார்த்தார்.

"இப்படியா சுடும்?" என்றார்.

அங்கே நின்ற ஒவ்வொருவரும் அவர் போர்வையை இழுத்து எழுப்பியவர்கள். காத்தாயி அக்காதான் சொன்னாள். அதுவரைக்கும் அவரைக் கங்காணியாரே என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

"இப்படித்தான்ணே சுடும். எங்க எல்லாருக்கும் இப்படித்தான் சுட்டுச்சு."

மாட்டுவண்டியில் போட்டுக்கொண்டு சுங்காய் ரோட்டில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அஞ்சலைக்கு நினைவே வரவில்லை. வண்டிப் பாதை முழுக்க அப்பா அவள் கழுத்திலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் அவர்களால் ஆனதைச் செய்தார்கள். பொழுது சாய்வதற்குள் என் தங்கச்சி போய்விட்டாள். அந்தத் தைப்பூசத்துக்கு ஈப்போ பார்க்கக் கூட்டிப்போவதாக அப்பா சொல்லியிருந்தார். அதற்காக அவள் வாங்கிவைத்த கண்ணாடி வளையல் இன்னும் தகரப் பெட்டியில் கிடக்கிறது.

அவளைக் குளிப்பாட்டியது காத்தாயி அக்கா. குழி வெட்டியவர்கள், தூக்கியவர்கள், எங்கள் வீட்டுக்குக் கஞ்சி கொண்டுவந்தவர்கள் எல்லோரும் அப்பாவின் ஆட்கள்தான். காய்ச்சலோடு நிரை வெட்டியவர்கள். ஒருத்தராவது வாசலில் நின்று, "இப்ப தெரியுதா?" என்று கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. கஞ்சியை வைத்துவிட்டு, "சாப்பிடு ஆயி" என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள். அந்தக் கஞ்சியை நான் தலை நிமிராமல் குடித்தேன்.

அதற்கப்புறம் முதல் பெரட்டுக்கு அப்பா போனார். ஒரு ஆள் வரவில்லை. அப்பா அவன் வீட்டுக்குள் போனார், குனிந்தார், கை பாதி வழியிலேயே நின்றுவிட்டது. "படுத்துக்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். அதற்கு மறுநாளும் அப்படியே. படுக்க நினைத்தவர்கள் எல்லோரும் படுத்தார்கள். சீக்கிரமே துரை அவரிடமிருந்து ஆட்களைப் பிரித்து வேறு கங்காணியிடம் கொடுத்துவிட்டார். இப்போது அப்பா புல்லு வெட்டுகிற கூட்டத்தில் இருக்கிறார். அஞ்சலை நின்ற அதே கூட்டம்.

புதுக் கங்காணி அப்பாவுக்குக் கீழே இருந்து வேலை பழகியவர். அவரும் காலையில் லயத்துக்குள் போகிறார். தாடைக்குக் கீழே கையை வைக்கிறார். புறங்கையைத்தான். யார் சொல்லிக்கொடுத்தது என்று எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு இன்னும் அதிக வெட்கம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அப்பா நிறுத்திவிட்டார், அப்பாவின் கை நிற்கவில்லை.

கொட்டகையில் இருந்த பழைய ஆயா மகனோடு காம்பார் பக்கம் போனபோது, நான் கிராணியிடம் போய் அந்த வேலையைக் கேட்டேன். மத்தியானத்தில் பிள்ளைகளோடு இருக்கிற வேலை அது ஒன்றுதான். குழாயடியில் பேச்சுக்குக் குறைவா?

"அப்பன் தொட்டு எழுப்பினாரு, மக தொட்டுத் தூங்க வெப்பாளாம்லா!"

முதல் நாள் இருட்டில் அம்மாக்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டகைக்கு வெளியே நின்றார்கள். யாரும் உள்ளே வரவில்லை. நான் தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காத்தாயி அக்காதான் முன்னால் வந்து தன் சின்ன மகனை என் கையில் திணித்தாள்.

"புடி. மத்தியானத்துல தொட்டுப் பாரு. வேற ஒண்ணும் வேணாம்."

பிறகு மற்றவர்கள் வந்தார்கள்.

அந்தப் பிள்ளைதான் ஒருநாள் மத்தியானம் என் கையில் கொதித்தான். காலையில் வாங்கும்போது சிரித்துக்கொண்டிருந்தான். தூக்கிக்கொண்டு மலைக்காட்டுக்கு ஓடினேன். டிரசரிடம் போக வேண்டும், தாயை விடுங்கள் என்றேன். புதுக் கங்காணி தலையை ஆட்டினார்.

"நிரை முடியட்டும். காலையில நல்லாத்தான இருந்துச்சு?"

என்ன வந்தது எனக்கு என்று தெரியவில்லை. அத்தனை பேர் முன்னால் அந்த ஆள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, பிள்ளையின் கழுத்தில் வைத்தேன்.

"ஏய்! என்னா பொம்பள நீ..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். கையை எடுக்கவும் இல்லை.

"போ காத்தாயி" என்றார். "சீக்கிரம் போ."

பிள்ளை பிழைத்துவிட்டான். நாளைக்கு நீங்களே பார்ப்பீர்கள், கஞ்சிச் சட்டியைக் கவிழ்க்கிறவன் அவன்தான். ஆம்பிளை கையைப் பிடித்தவள் என்று எனக்குப் பெயர் வந்தது. எனக்கு மாப்பிள்ளை பார்க்கிற பேச்சும் அதோடு நின்றுபோயிற்று. போகட்டும்.

ஆகையால் தங்கச்சிகளா, காலையில் ஜில்லென்று இருக்கிற பிள்ளையை நம்பாதீர்கள். மத்தியானத்தில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். "நல்லாத்தான் இருக்கான்" என்று தாய் சொல்லிவிட்டுப் போனால் அவளைத் திட்டாதீர்கள். ஒருநாள் நின்றால் அவளுக்குச் சோறு குறையும், அந்தப் பயத்தில் சொல்கிறாள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் சாயங்காலம் கங்காணி விளையாட்டு விளையாடினால் சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள். கூர்ந்து பாருங்கள். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் இல்லை இல்லை என்று முதலில் தலையாட்டுகிற பிள்ளை எதுவோ, அதன் கழுத்தை முதலில் தொடுங்கள். அந்த வீட்டில் முடியல என்று சொல்ல இடமில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று. நாளைக்கு உச்சி வெயிலில் ஒரு ஆள் தோளில் புல்லு வெட்டுகிற கத்தியோடு கொட்டகை வாசலில் வந்து நிற்பார். உள்ளே வரமாட்டார். "யாருக்காச்சும் சுடுதா?" என்று கேட்பார். நான் அந்தக் கங்காணியின் கையைப் பிடித்த அன்றைக்கு அவர் புல்லுக் கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து தினமும் வருகிறார். நீங்கள் பயப்பட வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள். போய்விடுவார்.

அவருக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் போர்வை இழுத்த வீட்டுப் பிள்ளைகளிடம் எந்த முகத்தோடு கேட்பேன்? அஞ்சலைக்காகக் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் விளக்கு வைக்கும்போது, எல்லோரும் என் தங்கச்சி நல்ல இடத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள். இந்தத் தோட்டத்தில் எத்தனையோ அஞ்சலை இருக்கிறார்கள், அம்மனுக்குக் குழப்பம் வேண்டாம். களத்தில் கூப்பிடுகிற மாதிரியே முழுசாகச் சொல்லுங்கள்: முத்தன் மகள் அஞ்சலை.